ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பாருங்கள்
கிளவுட் சான்றிதழுக்குப் படிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையருக்கு,

வேளச்சேரியிலும் காந்திபுரத்திலும் பயிற்சி மையங்களில் உட்கார்ந்து கிளவுட் தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறப்பவர்களுக்கும், பல வருஷம் சர்வர் அறையில் டேப் மாற்றிக்கொண்டிருந்துவிட்டு இப்போது மறுபடி மாணவரானவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பேக்கப், டிசாஸ்டர் ரெக்கவரி (டி.ஆர்.), டேட்டா மைக்ரேஷன் ஆகிய மூன்று பாடங்களைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். மற்ற பாடங்களில் தப்பு நடந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பக்கம் திறக்காது, யாராவது போன் செய்வார்கள். இந்த மூன்றில் நடக்கும் தப்பு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். தெரியவரும் நாளில் திருத்த வழி இருக்காது.

ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 130 நிமிடம், 65 கேள்வி, ஆயிரத்துக்கு 720 வந்தால் பாஸ். டி.ஆர். பற்றிய கேள்வி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நிறுவனம், அதன் ஆர்.டி.ஓ. இத்தனை மணி நேரம், ஆர்.பி.ஓ. இத்தனை நிமிடம், செலவு குறைவாக இருக்க வேண்டும், எந்த முறை சரி? நான்கு விடைகள் வரிசையாக இருக்கும். பேக்கப் மட்டும் எடுத்து வைத்துத் தேவைப்படும்போது எல்லாவற்றையும் புதிதாக எழுப்புவது ஒன்று. டேட்டாபேஸ் நகலை மட்டும் வேறு ரீஜனில் ஓடவிட்டு மற்றவற்றை அணைத்து வைக்கும் பைலட் லைட் இன்னொன்று. எல்லாவற்றையும் சின்ன அளவில் ஓடவிட்டு வைப்பது வார்ம் ஸ்டாண்ட்பை. இரண்டு ரீஜனிலும் முழுசாக ஓடுவது கடைசி. கொஞ்ச நாள் பழகினால் கேள்வியை முழுக்கப் படிக்காமலே விடை தெரியும். ‘குறைந்த செலவு, சில மணி நேரம்’ என்று கண்ணில் பட்டால் முதல் விடை. ‘சில நிமிடம்’ என்றால் மூன்றாவது.

அதற்கு மதிப்பெண் கிடைப்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வி ஒன்றை எடுத்த எடுப்பிலேயே உண்மை என்று வைத்துக்கொள்கிறது: பேக்கப் இருக்கிறது, அது திரும்ப எழும். வேலையில் இந்த இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கிட்லேப் கதையைப் பயிற்சி மையங்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய கதை அது. 2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் அந்தத் தளத்தில் ஸ்பேமர்களால் டேட்டாபேஸின் சுமை ஏறியது. முதன்மை சர்வரிலிருந்து நகல் சர்வருக்குப் போகும் ரெப்ளிகேஷன் பின்தங்கி அறுந்தது. இரவு நெடுநேரம் அதோடு மல்லுக்கட்டிய ஒரு பொறியாளர், நகல் சர்வரின் டேட்டா ஃபோல்டரைக் காலிசெய்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது ஓடியது முதன்மை சர்வரில். ஓரிரு விநாடியில் கவனித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

இது வரைக்கும் நடந்தது யாருக்கும் நடக்கும். இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கான பாடம். அவர்களிடம் ஒன்றுக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தினமும் டேட்டாபேஸை டம்ப் எடுத்து எஸ்-3க்கு அனுப்பும் வேலை இருந்தது. போய்ப் பார்த்தால் பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2. பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் டிமார்க் சரிபார்ப்பு இல்லாததால் பெறும் பக்கம் அந்த அஞ்சல்களை நிராகரித்துவிட்டது. அஷூர் டிஸ்க் ஸ்நாப்ஷாட் கோப்பு சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவில்லை. ரெப்ளிகேஷன் அன்றைக்கே அறுந்திருந்தது. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த எல்.வி.எம். ஸ்நாப்ஷாட். அது தற்செயல். அதுவும் வேகம் குறைந்த டிஸ்க்கில் கிடந்ததால், திரும்பக் கொண்டுவருவதற்கே அடுத்த நாள் போய்விட்டது. ஆறு மணி நேரத் தரவு போனது: சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள்.

மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு நடந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையில் கட்டளை கொடுத்தவரின் பெயர் இல்லை, ‘டீம் மெம்பர் 1’ என்றுதான் இருக்கிறது. எனக்கு அந்த அறிக்கையின் மீது பெரிய மரியாதை உண்டு. ஆளைத் தேடாமல், பக்கெட் காலியாக இருந்தது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று தேடினார்கள். நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் எந்த வெள்ளை அறிக்கைக்கும் முன்னால் அதைப் படியுங்கள்.

அதிலிருந்து முதலில் மனதில் பதிய வேண்டியது, ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது என்பது. மல்டி-ஏ.இசட். போட்டிருக்கிறோம், ரீட் ரெப்ளிகா இருக்கிறது, அதனால் தரவு பத்திரம் என்று சொல்லும் விடைகள் தேர்விலும் வரும், அலுவலகக் கூட்டத்திலும் வரும். ஒரு டேபிளைத் தவறாக அழித்தால் அந்த அழிப்பும் நகலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். ரெப்ளிகேஷன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம். எஸ்-3இன் பதினொரு ஒன்பது நீடிப்புத்தன்மையும் அப்படித்தான். 99.999999999 சதவீதம் என்ற அந்த எண் டிஸ்க் கெட்டுப்போவதிலிருந்து உங்களைக் காப்பாற்றும். உங்கள் கையிலிருந்து, உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து, உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவனிடமிருந்து காப்பாற்றாது. அதற்குத்தான் வெர்ஷனிங், ஆப்ஜெக்ட் லாக், தனிக் கணக்கில் வைக்கும் நகல் எல்லாம்.

அடுத்தது அந்த இரண்டு எண்கள். ஆர்.பி.ஓ. என்றால் எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம், ஆர்.டி.ஓ. என்றால் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடக்கலாம். தேர்வில் இரண்டும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். வேலையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் போய்க் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் சரியான ஆளிடம். ஒரு மருத்துவமனையில் ரத்த வங்கிப் பதிவு ஒரு மணி நேரம் தொலைந்தால் எந்த யூனிட் யாருக்கு ஏற்றப்பட்டது என்று தெரியாமல் போகும். அதே மருத்துவமனையின் கேன்டீன் கணக்கு ஒரு நாள் தொலைந்தால் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். இரண்டும் ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். எது எது என்று சர்வரைப் பார்த்தால் தெரியாது, அங்கே வேலை செய்யும் நர்ஸுக்கும் கணக்காளருக்கும்தான் தெரியும். அவர்களிடம் நேரில் கேளுங்கள். ‘எல்லாமே பூஜ்யம் வேண்டும்’ என்று மேலதிகாரி சொன்னால், பூஜ்யத்துக்கு மாதம் எவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று மூன்று தொகையை எழுதி மேசையில் வையுங்கள். பேச்சு அதன் பிறகுதான் உண்மையாகும்.

எவ்வளவு தரவை இழக்கலாம் என்ற கேள்வியை யாரும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு மின்னஞ்சலைப் பயன்படுத்திய அலுவலகங்களின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரிலுள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ கிளம்பியது. 709 அரசு அமைப்புகள் நின்றன. அதிகாரிகள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் முழுசாக எரிந்துபோனது. 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. பெரியதாக இருந்ததால் நகல் இல்லை என்ற வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சின்ன அலுவலகங்களில் இதே வாக்கியம், ‘சின்னதுதானே’ என்று மாறி வரும்.

நகல் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தது. பணம் கட்டி பேக்கப் சேவை வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டிடத்தில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. 2023இல் லீல் வணிக நீதிமன்றம் நட்டஈடு தரச் சொன்னது. நட்டஈடு கிடைக்கலாம், தரவு கிடைக்காது.

கட்டிடம் வேறாக இருந்தால் மட்டும் போதுமா? கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய ஏ.டபிள்யூ.எஸ். கணக்குக்குள் நுழைந்து பணம் கேட்டான். அவனை வெளியேற்ற முயன்றதும் ஸ்நாப்ஷாட்கள், பக்கெட்கள், சர்வர் இமேஜ்கள் என்று வரிசையாக அழித்தான். பேக்கப் எல்லாம் அதே கணக்கில், அதே சாவிக்குக் கட்டுப்பட்டு இருந்தன. சில மணி நேரத்தில் அந்த நிறுவனம் தொழிலையே மூட வேண்டியதாயிற்று. ஆகவே தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. யாருடைய கை எட்டும் என்பதிலும் இருக்கிறது. பேக்கப் வேறு கணக்கில், வேறு ஆட்களின் அனுமதியில், குறிப்பிட்ட காலம் வரை ரூட் பயனரால்கூட அழிக்க முடியாத கம்ப்ளையன்ஸ் லாக்கோடு இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கவர்னன்ஸ் லாக்குக்கும் கம்ப்ளையன்ஸ் லாக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். கோட் ஸ்பேசஸை நினைத்துக்கொண்டு படியுங்கள், மறக்காது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் பிரைவேட் கிளவுட், கூகுள் பக்கத்தில் நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. அதை அமைத்தபோது ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள், அதனால் ஒரு வருடக் கெடு தானாக விழுந்து, கெடு முடிந்ததும் எல்லாம் நீங்கிவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். ஆனால் யூனிசூப்பர் இன்னொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது. மீட்க முடிந்தது. அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது எதற்கு என்ற கேள்வி பட்ஜெட் கூட்டத்தில் எப்போதாவது வந்திருக்கத்தான் வேண்டும். யாரோ ஒருவர் அதற்குப் பதில் சொல்லி, பணத்தை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் பக்கத்து வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு இந்தியாவில் மும்பையும் 2022இல் வந்த ஐதராபாத்தும் இருக்கின்றன. கூகுளுக்கு மும்பை, டெல்லி. அஷூரின் சவுத் இந்தியா ரீஜன் சென்னையில்தான் இருக்கிறது, அதன் ஜோடி புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியா. சென்னை என்றதும் 2015 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வெள்ளத்தில் 1878இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. டி.ஆர். திட்டத்தில் இயந்திரங்களை எழுதுகிறோம், ஆட்களை எழுத மறக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு ரீஸ்டோர் பட்டனை அழுத்த வேண்டியவர் பள்ளிக்கரணையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால், அடுத்தவர் யார்? அவர் எந்த ஊரில் இருக்கிறார்? அவரிடம் எம்.எஃப்.ஏ. டோக்கன் இருக்கிறதா? திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் வேண்டும்.

இனி ரீஸ்டோருக்கு வருகிறேன். இதைச் செய்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிகிற சில விஷயங்கள் இருக்கின்றன. ஆர்.டி.எஸ். டேட்டாபேஸைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மீட்டால், பழைய டேட்டாபேஸ் பழையபடி ஆகாது. புதிதாக ஒன்று, புதிய முகவரியோடு பிறக்கும். உங்கள் அப்ளிகேஷன் இன்னும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அந்த முகவரி எத்தனை கான்ஃபிக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் தேட ஆரம்பிப்பீர்கள். செக்யூரிட்டி குரூப்பையும் பாராமீட்டர் குரூப்பையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஸ்நாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய இ.பி.எஸ். டிஸ்க் உடனே ‘தயார்’ என்று காட்டும், ஆனால் ஒவ்வொரு பிளாக்கும் முதல் முறை தொடும்போதுதான் எஸ்-3இலிருந்து வந்து சேரும். அதனால் மீட்ட முதல் மணி நேரங்களில் டேட்டாபேஸ் தவழும். பயனர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் மணி நேரங்களும் அவைதான். பழைய பேக்கப்பைச் செலவு குறைக்க கிளேசியர் டீப் ஆர்க்கைவுக்குத் தள்ளியிருந்தால், எடுப்பதற்கு சாதாரண வழியில் 12 மணி நேரம் வரை ஆகும், மலிவு வழியில் 48 மணி நேரம் வரை. நான்கு மணி நேர ஆர்.டி.ஓ. என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே பேக்கப் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவியையும் மறக்காதீர்கள். என்கிரிப்ட் செய்த பேக்கப், அதன் கே.எம்.எஸ். சாவி இருக்கும் வரைதான் பேக்கப். சாவியை நீக்கச் சொன்னால் ஏ.டபிள்யூ.எஸ். 7 முதல் 30 நாள் வரை காத்திருக்கும், அதன் பிறகு யாராலும் திறக்க முடியாது. இன்னொரு சிக்கல்: ஏ.டபிள்யூ.எஸ். தானாகக் கொடுக்கும் இயல்புச் சாவியால் என்கிரிப்ட் ஆன ஸ்நாப்ஷாட்டை வேறு கணக்கோடு பகிர முடியாது. நீங்களே உருவாக்கிய சாவி வேண்டும். தனிக் கணக்கில் பேக்கப் வைக்கலாம் என்று முடிவெடுத்து இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

ஒத்திகையைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. டி.ஆர். தளத்துக்கு மாறாமலே மாலை 3.45க்குத்தான் மறுபடி தொடங்கியது. தளம் இருந்தும் ஏன் மாறவில்லை என்று செபி கேட்டது. மாறுவதற்கான நேரக் கெடுக்களை அதன் பிறகு இறுக்கியது. 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை. அன்று பங்குச் சந்தைகள் சிறப்பு அமர்வு நடத்தின. முதல் அமர்வு முதன்மைத் தளத்திலிருந்து, அடுத்த அமர்வு டி.ஆர். தளத்திலிருந்து, உண்மையான பணத்தோடு, உண்மையான ஆர்டர்களோடு. மே 18 அன்றும் அப்படியே. பெரிய அமைப்பு, ஆபத்து அதிகம், அதனால் தொடாமல் விடுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆபத்து அதிகம் என்பதாலேயே விடுமுறை நாளில் மாற்றிப் பார்த்தார்கள். உங்கள் நிறுவனத்தில் யாராவது ‘புரொடக்‌ஷனைத் தொடக் கூடாது’ என்று ஒத்திகையைத் தள்ளிப்போட்டால் இந்தச் சனிக்கிழமைகளைச் சொல்லுங்கள்.

மைக்ரேஷனுக்கு வருகிறேன். இதில் கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. 100 பெட்டாபைட்டைக் கன்டெய்னர் லாரியில் ஏற்றிப்போகும் ஸ்னோமொபைலை ஏ.டபிள்யூ.எஸ்.காரர்கள் 2016இல் ஆரவாரமாக அறிமுகப்படுத்தினார்கள், 2024இல் அது இல்லாமல் போனது. கணக்கு மாறாது. 100 டெராபைட்டை ஒரு ஜிகாபிட் லைனில் அனுப்பினால், லைன் முழுக்க உங்களுக்கே என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது நாளுக்கு மேல். பாதி லைன்தான் கிடைக்கும் என்றால் பதினெட்டு நாளைத் தாண்டும். அந்தப் பதினெட்டு நாளும் பழைய டேட்டாபேஸில் புதுப் பதிவுகள் விழுந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் முதலில் முழு நகல், பிறகு மாற்றங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பும் சி.டி.சி., கடைசியில் புதிய அமைப்புக்கு மாறும் கட்ஓவர். இந்தக் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். தேர்விலும் கேட்பார்கள், வாழ்க்கையிலும் கேட்பார்கள்.

இங்கே தமிழில் வேலை செய்யும் நமக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது, நான் பார்த்த எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்வதில்லை. யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் பதினாறு குறிகள், ஆக 48 பைட். எஸ்.க்யூ.எல். சர்வரில் 30 இடம் உள்ள என்-வார்சார் பத்தியில் அது நிம்மதியாக இருக்கும். ரெட்ஷிஃப்ட்டில் வார்சார் நீளம் பைட்டில் கணக்காகும். அங்கேயும் 30 என்றே போட்டுவிட்டு, பிழை வருகிறதே என்று நீளமானவற்றை வெட்டிக்கொள்ளச் சொல்லும் ஆப்ஷனையும் சேர்த்துவிட்டால், அந்த மனிதர் ‘மீனாட்சிசு’ ஆகிவிடுவார். ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் டி.எம்.எஸ். என்ற மைக்ரேஷன் கருவியில் லிமிட்டட் எல்.ஓ.பி. முறையில் ஓட்டினால், வரம்புக்கு மேல் நீளும் உரைகளும் படங்களும் இதேபோல் அறுபடும், இயல்பாக அந்த வரம்பு 32 கேபி. எல்லாம் முடிந்து எண்ணினால், அங்கே எத்தனை வரிசையோ இங்கேயும் அத்தனை வரிசை. ஆகவே எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். நீளமான பெயர்கள், நீளமான முகவரிகள், பழைய எழுத்துருக் குறியீட்டில் ஏற்றிய பதிவுகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் வைத்துக் கண்ணால் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் குறியீட்டுத் தரவு இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் இருக்கிறது. கருவிக்கு அது வெறும் லத்தீன் எழுத்துக் குவியல். ஒரு குறையும் சொல்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகும்.

தரவு சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் மைக்ரேஷன் தோற்கலாம். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில், 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றியது. தரவு ஒழுங்காகவே மாறியது. ஆனால் புதிய அமைப்பு, மக்கள் உள்ளே வந்ததும் சரிந்தது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். நிலைமை முழுசாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இரண்டு டேட்டா சென்டர்களில் சுமைச் சோதனை நடந்தது ஒன்றில்தான் என்று விசாரணையில் தெரியவந்தது. எல்லோரையும் ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருந்தால் கொஞ்சம் பேர்தான் சிக்கியிருப்பார்கள். கட்ஓவர் திட்டம் எழுதும்போது, எந்த மணி வரை பின்வாங்கலாம், அதை முடிவு செய்பவர் யார் என்ற இரண்டையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். புதிய அமைப்பில் புதிய பதிவுகள் விழ ஆரம்பித்த பிறகு பின்வாங்குவது இன்னொரு மைக்ரேஷன்.

டம்ப்ஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கசிந்த கேள்விகளை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். சில மையங்கள் அதையே விற்கின்றன. கல்விக்கடன் இருக்கிறது, வீட்டில் எதிர்பார்க்கிறார்கள், தேர்வுக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு. இந்த நெருக்கடி எனக்குத் தெரியும், அதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மற்ற பாடங்களில் தெரியாததை வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இதில் கிடைக்காது. ரீஸ்டோர் செய்யத் தெரியுமா என்று உங்களைக் கேட்கிற முதல் நாளும், ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவோ ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பதிவோ காணாமல் போன நாளும் ஒரே நாளாக இருக்கும். அந்தப் பதிவில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. உங்களை நம்பித்தான் இருப்பார்கள்.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். முதலில் பில்லிங் பக்கத்தில் சின்னத் தொகைக்கு ஒரு பட்ஜெட் அலாரம் வையுங்கள். இருப்பதிலேயே சிறிய ஆர்.டி.எஸ். ஒன்றை எழுப்பி, அதில் தமிழ்ப் பெயர்களோடு சில ஆயிரம் வரிசைகளை ஏற்றுங்கள். ஒரு சின்ன அப்ளிகேஷனை அதோடு இணையுங்கள். தானியங்கி பேக்கப் ஒரு சுற்று ஓடட்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு டேபிளை அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு ஐந்து நிமிடம் முந்தைய நிலைக்கு மீட்டு, அப்ளிகேஷன் மறுபடி அந்தப் பெயர்களைக் காட்டும் வரை போங்கள். கன்சோலில் ‘அவைலபிள்’ என்று வந்தவுடன் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். பெயர்கள் திரையில் வரும் வரை ஓடட்டும். அதுதான் உங்கள் ஆர்.டி.ஓ. வழியில் தேடியது, முட்டியது, மறந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அடுத்து அந்தத் தாளைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதைப் பார்த்து மட்டுமே ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்றாரோ அங்கே ஒரு வரி சேருங்கள். மூன்றாவது தடவை, பேக்கப்பை இன்னொரு கணக்குக்கு நகலெடுத்து அங்கிருந்து மீட்டுப் பாருங்கள். சாவி பற்றிச் சொன்ன சுவர் அப்போது வரும். பயிற்சி மையம் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கித்தாருங்கள். ஸ்லைடு எதுவும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் டேட்டாபேஸை அழித்தால் போதாது. கையால் எடுத்த ஸ்நாப்ஷாட்கள் அதோடு போகாது, தங்கி மாதாமாதம் பில்லில் ஏறும். இரண்டு கணக்கிலும், நகலெடுத்த ஒவ்வொரு ரீஜனிலும் போய்ப் பார்த்து நீக்குங்கள். எழுதிய தாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் டி.ஆர். பற்றிக் கேட்டால் நான்கு முறைகளின் பெயரோடு அந்தத் தாளில் உள்ள நேரத்தையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
இந்தத் தொழிலுக்கு உங்களுக்கு முன்னால் வந்த அக்கா ஒருத்தி